காருக்கும் உறுதி உண்டு

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில், ஸ்காபரோவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இந்த மேடையிலே வழக்கமாகக் குடிவரவுச் சட்டம் பற்றி வழக்கறிஞர்கள் பேசுவார்கள். நீரிழிவு பற்றி டொக்டர்மார் பேசுவார்கள். நான் இரண்டும் இல்லை. 1989 இல் இந்த நாட்டுக்கு வந்து, முப்பது வருடத்துக்கு மேலாகத் தொழிற்சாலையில் நின்று வேலை செய்து, இப்போது வீட்டில் இருக்கிற ஒரு சாதாரண மனிதன். "அண்ணை, உங்கட அந்தக் கார்க் கதையை ஒருக்காச் சொல்லுங்கோ, நாலு பேருக்குப் பிரயோசனப்படும்" என்று செயலாளர் தம்பி கேட்டார். மானம் போகிற கதைதான். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். புதிதாக வந்த பிள்ளைகள் பலர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் தேவை வேலை. வேலைக்குப் போகக் கார். அந்த அவசரத்திலேதான் எல்லாப் பிழையும் நடக்கிறது.

2023 ஆவணியில் என் தங்கச்சியின் மகன் இங்கே வந்து சேர்ந்தான். அகதிக் கோரிக்கை கொடுத்தான், வேலை செய்ய அனுமதி வந்தது. பிராம்ப்ரனில் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை. ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸில் போக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். வர அதே அளவு. விடியப்புறம் குளிரில் பஸ்ஸுக்கு நின்று விட்டு வீட்டுக்கு வந்தால் பொடியனுக்குக் கதைக்கவும் சீவன் இருக்காது. "மாமா, ஒரு பழைய கார் கிடைச்சால் காணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். 2024 சித்திரை வருடப் பிறப்புக்கு நான் கொடுத்த கைவிசேஷத்தைக் கூட ஒரு தகர டப்பாவுக்குள் போட்டு, வெளியிலே 'கார்' என்று எழுதி வைத்தான். ஐப்பசி மாதம் அவனிடம் ஆறாயிரத்து ஐந்நூறு டொலர் சேர்ந்துவிட்டது. அதில் பாதி சீட்டு எடுத்த காசு.

கார் தேடும் பொறுப்பை நான் எடுத்தேன். நான்தானே பழைய ஆள், எனக்குத்தானே இந்த நாடு தெரியும்! கொம்பியூட்டரில் நடக்கிற ஏலம் ஒன்றில் 2014 ஆம் ஆண்டு ரொயோட்டா கொறோலா ஒன்று வந்திருந்தது. படத்திலே நல்ல துப்புரவு. வெளியிலே எட்டாயிரம், ஒன்பதாயிரம் கேட்கிற கார் அங்கே மூவாயிரத்தில் நின்றது. மலிஞ்சால் சந்தைக்கு வரும் என்பார்கள். ஏன் மலிஞ்சது என்று நான் யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்ல வேணும். நான் வாசிக்காமல் ஏமாறவில்லை. வாசித்துவிட்டுத்தான் ஏமாந்தேன். விபரத்தின் கடைசி வரியில், சின்ன எழுத்தில், 'ஓனர்ஷிப் கைவசம் இல்லை, விற்பனை ரசீது மட்டும் தரப்படும், உள்ளது உள்ளபடி' என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். மருமகன் கேட்டான்: "மாமா, இது என்ன ஓனர்ஷிப் இல்லை எண்டு கிடக்கு?" நான் சொன்னேன்: "பரவாயில்லையடா, ரசீது இருந்தால் பிறகு எடுக்கலாம்." அந்தப் 'பரவாயில்லை'தான் ஆறாயிரம் டொலர் விலை போன சொல்.

ஏலம் என்றால் எங்களுக்குத் தெரியாததா? கடற்கரையில் மீனை ஏலம் கூறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அங்கே மீன் கண்ணுக்கு முன்னாலே கிடக்கும். செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், விற்கிறவர் இன்னாருடைய மகன் என்று தெரியும். கொம்பியூட்டர் ஏலத்தில் செவுளும் இல்லை, விற்கிறவருக்கு முகமும் இல்லை. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கடைசி இரண்டு நிமிசத்தில் யாரோ ஒருவர் ஐம்பது கூட்ட, நான் ஐம்பது கூட்ட, ஐயாயிரத்து நானூறில் வந்து நின்றது. வென்றுவிட்டோம் என்று கை தட்டினோம். அதற்குப் பிறகு ஏலக்காரரின் கட்டணம் நூற்றுக்குப் பன்னிரண்டு, அந்தக் கட்டணத்துக்கு வரி, இழுத்து வந்த டிரக் காசு. எல்லாமாக ஆறாயிரத்து முன்னூறு மட்டில் போய்விட்டது.

அடுத்த நாள் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனை செய்ய வேணும் என்று மனைவி நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்தா. அதற்கு இலக்கத் தகடு வேண்டுமே. சேர்விஸ் ஒன்ராறியோவுக்குப் போனோம். கௌண்டரில் இருந்த பிள்ளை ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இந்த ரசீதில் விற்றவர் என்று இருக்கிற பெயரும், எங்களிடம் பதிவில் இருக்கிற சொந்தக்காரரின் பெயரும் வேறு வேறு. பெர்மிற் எங்கே?" என்று கேட்டது. எங்களிடம் இல்லை. "அப்படியென்றால் மாற்ற முடியாது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, இருபது டொலருக்கு அந்தக் காரின் தகவல் கோவையை எடுத்துப் பார்க்கும்படி சொன்னது.

எடுத்தோம். முதல் பக்கத்திலேயே கிடந்தது. அந்தக் காரின் மேல் ஒரு கடன் கொம்பனிக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் டொலர் ஈடு. பழைய சொந்தக்காரர் கார் வாங்கக் கடன் எடுத்து, கட்டாமல் விட்டு, காரைக் கைமாற்றி, அது யாரோ ஒருவரின் கைக்கு வந்து, ஏலத்துக்கு வந்து, எங்களுடைய தலையில் வந்து விழுந்திருக்கிறது. இந்தக் கோவையை ஏலத்துக்கு முதல் நாள் எடுத்திருந்தாலும் அதே இருபது டொலர்தான்.

விற்றவரின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஏலக்காரர் "நாங்கள் இடையிலே நிற்கிறவர்கள் மட்டும்தான், நிபந்தனையில் நீங்கள் சம்மதம் என்று அழுத்தியிருக்கிறீர்கள்" என்றார். உண்மைதான், அழுத்தியவன் நான்தான். பொலிஸுக்குப் போவோம் என்றேன். மருமகனுக்கு முகம் வெளிறிவிட்டது. "மாமா, எனக்கு இன்னும் ரெண்டு மாதத்தில விசாரணை. களவுக் கார் எண்டு என்ர பேரையும் எழுதிப் போட்டாங்கள் எண்டால்?" அன்றிரவு அவன் நித்திரை கொள்ளவில்லை. ஊரில் பொலிஸ் என்றால் என்னவென்று பார்த்து வந்த பிள்ளை. நான் தனியாகத்தான் போனேன். அவர்கள் நம்பரைப் போட்டுப் பார்த்து, களவு போன கார் இல்லை, இது காசுத் தகராறு, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். களவுக் கார் இல்லை என்ற ஒரு சொல்லைக் கேட்டுத்தான் பொடியன் மூச்சு விட்டான்.

மார்கழி, தை முழுக்க அந்தக் கார் என் வீட்டு வாசலில் பனி மூடிக் கிடந்தது. அவன் அதைக் கடந்து போய் பஸ்ஸுக்கு நின்றான். 2025 மாசியில் ஒரு காலை, கடன் கொம்பனியின் டிரக் வந்து கொழுவி இழுத்துக்கொண்டு போனது. நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். எலுமிச்சம்பழம் நாலும் பிரிட்ஜுக்குள் காய்ந்து போய்க் கிடந்தன.

இப்போது உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். ஊரில் ஒரு பரப்புக் காணி வாங்கிறதென்றால் நாங்கள் என்ன செய்வோம்? உறுதியைக் கொண்டு வா என்போம். காணிக் கந்தோரில் தோம்பு பார்ப்போம். ஈடு இருக்கோ, ஒற்றி இருக்கோ, வேறு வில்லங்கம் இருக்கோ என்று துருவுவோம். பிறகு நொத்தாரிசிடம் போவோம். உறுதி இல்லாத காணியை அரை விலைக்குத் தந்தாலும் தொடமாட்டோம். என் தகப்பனார் 1995 ஐப்பசி இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு ஓடியபோது, வீட்டிலிருந்த பொருள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உறுதிக் கட்டை மட்டும் சேலைத் துண்டில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். காணியைக் காவ ஏலாது, கடதாசியைக் காவலாம். யுத்தம் முடிந்து வலிகாமம் வடக்கில் காணிகளை விடத் தொடங்கியபோது, எங்கள் வளவு எங்களுடையது என்று காட்ட அந்தக் கட்டுத்தான் இருந்தது.

அப்படிப்பட்ட சனம் நாங்கள் ஏன் காருக்கு மட்டும் உறுதி பார்க்கிறதில்லை? அதற்கும் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. 'ஓப்பின் பேப்பர்' என்பார்கள். விற்கிறவர் மாற்றுப் படிவத்தில் கையெழுத்து வைப்பார், வாங்குகிறவரின் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருக்கும். அதே கடதாசியோடு கார் மூன்று, நாலு கை மாறும். பதிவில் முதல் ஆளின் பெயரே கிடக்கும். ஊரில் முகம் தெரியும், நம்பிக்கையில் ஓடியது. இங்கே அதே பழக்கத்தைக் கொண்டு வந்தோமென்றால் அதற்குள் கள்ளனும் சுகமாகப் புகுந்துகொள்கிறான்.

ஆகவே, நான் காசு கொடுத்துப் படித்ததை உங்களுக்குக் காசில்லாமல் சொல்லுகிறேன். தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, பெர்மிற். இதைத்தான் நாங்கள் ஓனர்ஷிப் என்கிறோம். விற்கிறவரின் சாரதி அனுமதிப் பத்திரத்தில் இருக்கிற பெயரும் பெர்மிற்றில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "அண்ணற்ற கார்", "கூட்டாளியின்ர கார்", "நான் இன்னும் பேர் மாத்தேல்லை" என்றால் எழும்பி வந்துவிடுங்கள். அப்படிச் சொல்கிறவர்களில் ஒரு கூட்டம் இருக்கிறது. பதிவு இல்லாமல் கார் வியாபாரம் செய்துகொண்டு, தனிப்பட்டவர் போல நடிப்பவர்கள். இங்கே அவர்களைக் 'கேர்ப்சைடர்' என்று சொல்கிறார்கள், தெருவோர வியாபாரி. கோப்பிக் கடை வாசலில் சந்திப்போம் என்பார்கள். வீட்டைக் காட்டமாட்டார்கள்.

இரண்டாவது, அந்த இருபது டொலர்த் தகவல் கோவை. சுருக்கமாக யூ.வி.ஐ.பி. என்பார்கள். ஒன்ராறியோவில் தனிப்பட்டவர் ஒருவர் பழைய கார் விற்றால் அவர் அதை வாங்குகிறவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அவர் தராவிட்டால் தகட்டு இலக்கத்தையோ வின் நம்பரையோ கொடுத்து நீங்களும் எடுக்கலாம். எத்தனை கை மாறியது, கடன் ஈடு இருக்கோ, எத்தனை கிலோமீற்றர் பதிவாகியிருக்கிறது, விபத்தில் சிதைந்து 'சால்வேஜ்' என்று முத்திரை விழுந்ததோ எல்லாம் அதில் வரும். ஆனால் அது ஒன்ராறியோவின் தோம்பு மட்டும். கார் கியூபெக்கிலிருந்தோ வேறு மாகாணத்திலிருந்தோ வந்ததென்றால் அங்கே உள்ள கடன் இதில் தெரியாது. அதற்குத் தனியாகக் காசு கட்டி காஃபக்ஸ் போன்ற அறிக்கை எடுக்க வேண்டும்.

மூன்றாவது, வின் நம்பர். ஊரில் சேசி நம்பர் என்போமே, அதுதான். 1957 இல் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ வந்தபோது, அந்த ஒற்றை எழுத்துக்கு எதிராகத் தார் பூசி மறியலுக்குப் போன சனம் நாங்கள். எழுத்தின் பெறுமதி எங்களுக்குத் தெரியும். இங்கே பார்க்க வேண்டியது பதினேழு எழுத்தும் இலக்கமும். முன் கண்ணாடிக்குக் கீழே ஒன்று இருக்கும், சாரதிக் கதவுப் பக்கம் ஒட்டிய தாளில் ஒன்று இருக்கும். இரண்டும் பெர்மிற்றோடு ஒத்திருக்க வேண்டும். ஆங்கில ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்தும் வின் நம்பரில் வராது. வந்திருந்தால் அது கள்ள நம்பர். கனேடிய பொலிஸ் தகவல் மையத்தின் இணையத்தளத்தில் அந்த நம்பரைப் போட்டால், களவு போனதென்று பதிவாகியிருக்கோ என்று காசில்லாமல் பார்க்கலாம்.

களவென்று ஏன் இவ்வளவு பயப்படுத்துகிறேன்? 2024 சித்திரையில் ஒன்ராறியோ மாகாணப் பொலிசாரும் எல்லைச் சேவையினரும் மொன்றியல் துறைமுகத்தில் 598 களவு வாகனங்களை மீட்டதாக அறிவித்தார்கள். அவை கப்பலேறக் காத்திருந்தவை. கப்பலேறாதவை நம்பர் மாற்றி இங்கேயே விற்கப்படுகின்றன. கள்ளனிடம் வாங்கியவருக்குச் சட்டத்தில் உரிமை இல்லை. நீங்கள் நல்ல மனதோடு முழுக் காசு கொடுத்திருந்தாலும் கார் உரியவருக்குத்தான் போகும். காசு உங்களுக்குத் திரும்பாது.

நாலாவது, வாங்கிய பிறகு ஆறு நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழ், அதுதான் 'சேஃப்ரி', எடுத்த நாளிலிருந்து முப்பத்தாறு நாளுக்குத்தான் செல்லும். தனிப்பட்டவரிடம் வாங்கினால் வரி நூற்றுக்குப் பதின்மூன்று. "ரசீதில குறைச்சுப் போடுவம்" என்று விற்கிறவர் உபகாரம் செய்வதுபோலச் சொல்லுவார். நீங்கள் கொடுத்த விலையா, புத்தகத்தில் உள்ள மொத்த விலையா, எது கூடவோ அதற்குத்தான் வரி. குறைத்துப் போட்டால் வரி மிஞ்சாது. வழக்கென்று வரும்போது உங்களுக்குத்தான் நட்டம்.

ஐந்தாவது, பதிவு பெற்ற வியாபாரி. ஒம்விக் என்ற சபையின் இணையத்தளத்தில் வியாபாரியின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பதிவு பெற்றவரிடம் நாலைந்து நூறு கூடத்தான் போகும். ஆனால் காரின் முத்திரை, ஓடிய தூரம், முன்பு ராக்சியாக ஓடியதோ போன்ற விசயங்களை அவர் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் தொண்ணூறு நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். அவர் மோசம் செய்தால் நட்டஈட்டு நிதி ஒன்றும் இருக்கிறது, 45,000 டொலர் வரை. கேர்ப்சைடரிடமோ தனிப்பட்டவரிடமோ வாங்கினவருக்கு இந்த நிதி இல்லை. ஏலத்தில் வாங்குகிறவர், ஏலக்காரர் பதிவு பெற்ற வியாபாரியா, அல்லது மற்றவரின் பொருளுக்கு இடையில் நிற்பவரா என்று முதலில் கேட்க வேண்டும். இன்னொன்று: கார் வாங்கிக் கையெழுத்து வைத்துவிட்டு, "மனம் மாறிப்போச்சு" என்று திருப்பிக் கொடுக்க ஒன்ராறியோவில் அவகாசம் கிடையாது.

பஃபலோப் பக்கத்து ஏலங்களில் ஆசை வைக்கிறவர்களுக்கு ஒரு சொல். அமெரிக்காவில் 'ரைற்றில்' என்று ஒரு பத்திரம் உண்டு. அதுதான் அங்கே காரின் உறுதி. ரைற்றில் இல்லை, ரசீது மட்டும் என்று மலிவாக விற்பார்கள். அந்த மூலப் பத்திரத்தை எல்லையில் அமெரிக்கச் சுங்கத்திடம் 72 மணித்தியாலத்துக்கு முன்பே கொடுக்காமல் கார் பாலம் தாண்டாது. அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

ஏற்கெனவே இப்படி மாட்டியிருக்கிறவர்கள் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ரசீது, விளம்பரத்தின் படம், செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சட்ட உதவி நிலையத்தில் கேளுங்கள், சிறு வழக்குகளுக்கான நீதிமன்றம் இருக்கிறது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வேறொரு காரின் தகட்டை எடுத்து மாட்டி ஓடாதீர்கள். காப்புறுதி இல்லாமல் பிடிபட்டால் முதல் தரமே ஆகக்குறைந்த தண்டம் ஐயாயிரம் டொலர். அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ள பிள்ளைக்கு அந்தத் தலையிடி வேறு எதற்கு?

முடிக்கிற நேரம் வந்துவிட்டது. 2010 இல் 492 பேர் 'சன் சீ' கப்பலில் வந்திறங்கியபோது, யார் நீ, அதற்குக் கடதாசி எங்கே என்ற கேள்வியோடு பலர் மாதக்கணக்கில் மறியலில் இருந்ததை நாங்கள் பார்த்தோம். எங்களில் எத்தனையோ பேர் கடதாசி இல்லாமல் வந்தவர்கள்தான். அதனாலேயோ என்னவோ, கடதாசி இல்லாத ஒன்றைக் கண்டால் எங்களுக்கு இரக்கம் வந்துவிடுகிறது, 'பரவாயில்லை' என்று சொல்லிவிடுகிறோம். மனிசரைப் பற்றி அப்படிச் சொல்லுங்கள். அதில் பிழை இல்லை. காரைப் பற்றிச் சொல்லாதீர்கள். உறுதி இல்லாத கார் வெறும் இரும்பு.

மருமகன் என்னை ஒரு நாளும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூட நோவாக இருந்தது. திரும்பவும் அந்தத் தகர டப்பாவில் காசு சேர்த்தான். நானும் என் பங்கைப் போட்டேன். 2025 ஆவணியில் ஒரு பழைய ஹொண்டா பார்த்தோம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெர்மிற்றை வாசித்தேன், தகவல் கோவையை வாசித்தேன், குனிந்து கதவில் இருந்த பதினேழு எழுத்தையும் ஒன்றொன்றாகச் சொல்ல அவன் சரி பார்த்தான். விற்கிற மனிசன் சிரித்துப்போட்டு, "காணி வாங்கிறது மாதிரியல்லோ பாக்கிறியள்" என்றார். "ஓம் தம்பி, அப்பிடித்தான்" என்றேன்.

அன்று பின்னேரமே பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். மனைவி புதிதாக நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தா.